160 வெள்ளிப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பினாங்குக்கு வந்த என் தம்பி மனைவி, கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாகச் சமையலறை மேசைமீது வைத்தாள். "அக்கா, இது சுத்தமான கடற்பாசிச் சாறு. காலையில் பசியாறுவதற்கு முன் இரண்டு கரண்டி சாப்பிட்டால் மூட்டுவலி, தைராய்டு, தோல் அரிப்பு எல்லாம் சரியாகிவிடுமாம். 160 வெள்ளி," என்றாள். 160 மலேசிய ரிங்கிட்! விலையைக் கேட்டதும் எனக்குத்தான் மூட்டு வலித்தது.

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இயற்கைக் கடற்பாசிச் சாறு, 92 கனிமங்கள் நிறைந்தது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எந்தக் கடலின் பாசி, எந்த இனம், எதைக் கொண்டு பிரித்தெடுத்தார்கள், நூறு கிராமில் பாசியின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. பிறை நகரில் ஓர் உணவுப்பொருள் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கடற்பாசியிலிருந்து எடுத்து, உணவை உறையவைக்கவும் கெட்டிப்படுத்தவும் சேர்க்கப்படும், மூட்டை மூட்டையாக வந்திறங்கும் அகர், கராஜீனன், அல்ஜினேட் மாவுகளிலிருந்து மாதிரி எடுத்து, ஜெல்லியாக உறையவைத்து, அதன்மேல் ஒரு சிறு உலோக உருளையை அழுத்தி, எத்தனை கிராம் விசையில் அது உடைகிறது என்று குறித்துவைப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆகவே "சாறு" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி 160 வெள்ளி கொடுக்க என்னால் முடியாது.

அந்த 92 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தனிம வரிசை அட்டவணையில் ஹைட்ரஜன் முதல் யுரேனியம் வரை எண்ணினால் 92 வரும். 92 கனிமங்களும் இருக்கின்றன என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ஈயம், பாதரசம், ஆர்செனிக், யுரேனியம் ஆகியவையும் அந்தப் போத்தலில் இருக்கின்றன என்று விற்பவரே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

கடற்பாசி நமக்கு ஒன்றும் புதிதல்ல. பக்கத்து வீட்டு மாமி நோன்பு மாதத்தில் நோன்புக் கஞ்சியுடன் ஒரு தட்டு கடற்பாசியும் கொடுத்தனுப்புவார். ரோஜா நிறத்தில், தேங்காய்ப்பால் அடுக்குடன், கத்தியால் சாய்சதுரமாக வெட்டியது. தமிழ்நாட்டில் அதைச் சைனா கிராஸ் என்கிறார்கள். நாம் மலாய்க்காரர்களைப் பின்பற்றி அகர் அகர் என்கிறோம். இந்த மலாய்ச் சொல்தான் உலகத்து ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் அப்படியே நிலைத்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1881ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, தாம் கிருமிகளை வளர்த்துவந்த ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகுவதும், சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிடுவதுமாக அல்லல்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸேயின் பழச்சாற்று ஜெல்லிகளோ எந்த வெயிலிலும் கலையாமல் நின்றன. ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு டச்சுக் குடும்பத்திடமிருந்து, அகர் அகர் போட்டு ஜெல்லி செய்யும் முறையை அந்த அம்மையார் கற்றிருந்தார். அவர் அதைக் கணவரிடம் சொல்ல, கணவர் கோக்கிடம் சொல்ல, 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் ஒரு வரியில் இடம்பெற்றது. அந்த அம்மையாரின் பெயர் இடம்பெறவில்லை.

அகரின் சிறப்பு அதன் இரட்டை வெப்பநிலையில் இருக்கிறது. கரைசலாக இருக்கும் அகர், ஏறத்தாழ 35 முதல் 40 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்தால்தான் உறையும். உறைந்தபின்னரோ, 85 பாகையைத் தொட்டால்தான் மீண்டும் உருகும். ஆகையால் மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் கிருமிகளை வளர்த்தாலும் அது அசையாமல் நிற்கிறது. பெரும்பாலான கிருமிகளாலும் நம்முடைய குடலாலும் அதைச் செரிக்க இயலாது. மாமியின் தட்டில் இருப்பதற்கும் மருத்துவமனையின் கண்ணாடி வட்டிலில் இருப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இந்த வழவழப்பான பொருள் பாசிக்குள் எதற்காக இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், பிரித்தெடுக்கும் வேலையில் பாதி விளங்கிவிடும். நிலத்துச் செடிக்கு நிமிர்ந்து நிற்க விறைப்பான தண்டு வேண்டும். கடலடிப் பாறையைப் பற்றிக்கொண்டு நாள் முழுவதும் அலையில் ஆடும் பாசிக்கு விறைப்பு ஆகாது, விறைத்தால் ஒடிந்துபோகும். எனவே அதன் செல்சுவரில், சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த, நீரை உறிஞ்சி வளைந்துகொடுக்கும் பல்சர்க்கரைகள் நிறைந்திருக்கின்றன. சிவப்புப் பாசிகளில் அவை அகராகவும் கராஜீனனாகவும் இருக்கின்றன. பழுப்புப் பாசிகளில் அல்ஜினிக் அமிலத்தின் உப்புகளாகவும் ஃபூக்கோய்டனாகவும் இருக்கின்றன. பயன்தரும் பொருள் பாசிக்குள் ஒரு பையில் தனியாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கவில்லை. அது பாசியின் சுவரே. பழத்தைப் பிழிவதுபோல் பிழிந்து அதை எடுக்க முடியாது. சுவரைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். எதைக் கொண்டு கரைக்கிறோமோ அதைப் பொறுத்தே கையில் கிடைப்பது அமையும்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் அவள் நம்பப்போவதில்லை என்பதால், செய்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை சௌராஸ்தா சந்தைப் பக்கம் போய், உலர்பொருள் விற்கும் சீனக் கடை ஒன்றில், அவர்கள் பவளப்புல் என்று அழைக்கும் பாசியை வாங்கிவந்தேன். பார்ப்பதற்கு உலர்ந்த பவளக் கிளையைப்போல் கிளைத்து, மஞ்சளும் ஊதாவுமாக, மேலே வெள்ளைப் படிகங்கள் பூத்து இருக்கும். சபா மாநிலத்திலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். செம்போர்னா, குனாக், லகாட் டத்து, கூடாட் ஆகிய கடலோரங்களில் கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் காப்பாஃபைக்கஸ், யூக்கியூமா என்ற இரண்டு சிவப்புப் பாசிகளே மலேசியாவின் கடற்பாசி விளைச்சலில் பெரும்பங்கு. விதை கிடையாது, ஒரு கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. பஜாவ் என்ற கடலோர மக்களின் குடும்பங்கள் இதைச் செய்துவருகின்றன. கடல்நீர் சூடேறினாலோ உப்புத்தன்மை மாறினாலோ கிளைகள் வெளுத்து, பனிக்கட்டிபோல் நிறமிழந்து உதிரும். அந்த நோய்க்கு ஐஸ்-ஐஸ் என்றே பெயர்.

வெள்ளைப் படிகங்களை வெறும் கடலுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காப்பாஃபைக்கஸ் கடல்நீரிலிருந்து பொட்டாசியத்தைச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. உலரும்போது அது பொட்டாசியம் குளோரைடாக மேற்பரப்பில் பூத்துவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

50 கிராம் எடுத்து மூன்று முறை நல்ல நீரில் அலசினேன். முதல் நீர் அரிசி கழுவிய நீர்போல் கலங்கலாக வந்தது. மணலும் சிறு சிப்பித் துண்டும் அடியில் தங்கின. பிறகு இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் பார்த்தபோது பாசி பல மடங்கு பருத்து, கண்ணாடிபோல் தெளிந்து, கருவாட்டு நாற்றம் பெரும்பாலும் நீங்கியிருந்தது. கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு லிட்டர் நீரில் போட்டு, மிதமான தீயில் ஒன்றரை மணி நேரம் கிளறிக்கொண்டே வேகவைத்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். அதன்பின் ஓரங்கள் கரையத் தொடங்கி, கரண்டியிலிருந்து விழும் நீர் நூலாக இழுபடும். சவ்வரிசிக் கஞ்சியின் பதம் வந்ததும் இறக்கி, சூடு ஆறுவதற்கு முன்பே மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்ட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்வார்கள். கை சுடுகிறது என்று ஐந்து நிமிடம் பொறுத்தால், துணிக்குள்ளேயே அது உறைந்துவிடும். பிறகு துணியையும் தூக்கிப்போட வேண்டியதுதான். நான் இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு பிழிந்தேன்.

வடித்த நீரில் பாதியை ஒரு தட்டில் ஊற்றினேன். சிறிது நேரத்தில் அது உறைந்தது. ஆனால் தொட்டால் தளதளவென்று ஆடியது. ஒரு கரண்டி அளவை வேறு கிண்ணத்தில் எடுத்துச் சூடாக்கி, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காகக் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தேன். அந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. குளிர்ந்ததும் அது தட்டில் இருந்ததைக் காட்டிலும் கெட்டியாக, அழுத்தினால் சட்டென்று உடையும்படி உறைந்து, ஓரத்தில் நீரையும் கசியவிட்டது. கப்பா வகைக் கராஜீனனின் அடையாளமே இதுதான்: பொட்டாசியத்தைக் கண்டால் அதன் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று இறுகும். ஐயோட்டா வகை கால்சியத்துடன் சேர்ந்து மென்மையாக உறையும். லாம்டா வகை எதனுடனும் உறையாது. கெட்டிப்படுத்த மட்டும் உதவும். மூன்றுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு சர்க்கரை அலகுகளுக்குச் சராசரியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும் சல்பேட்டின் அளவில் இருக்கிறது. பாசியின் மேலே பூத்திருந்த பொட்டாசியத்தை நான் அலசி ஊற்றிவிட்டதால்தான் என் தட்டு தளதளத்தது.

மீதிப் பாதியை ஆறவைத்து, அதன் அளவைப்போல் இரண்டு மடங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், அடுப்பை முற்றிலும் அணைத்து, சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, மெல்லிய தாரையாக ஊற்றினேன். என் இருபத்தேழு ஆண்டு வேலையில் ஒருபோதும் சலிக்காத காட்சி இது. தெளிந்த நீரிலிருந்து, கண்முன்னே, வெண்ணிற நார்கள் இடியாப்பம்போல் திரண்டு எழுந்து மிதக்கும். ஆல்கஹால் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், பல்சர்க்கரைக்குக் கரைந்திருக்க இடமில்லாமல் போகிறது. உப்பும் நிறமும் சிறிய மூலக்கூறுகளும் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. என் தம்பி மனைவி முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். "இதுவா அக்கா சாறு?" என்றாள். "இதுதான்," என்றேன். தட்டில் உறைந்ததையும் உருக்கி அதே வழியில் நாராக்கி, இரண்டையும் பிழிந்து, காற்றில் உலர்த்தி, அரைத்து நிறுத்தபோது 11 கிராம் வந்தது.

தொழிற்சாலைகளில் இதற்கு முன் ஒரு படி உண்டு. அதை வீட்டில் செய்ய மாட்டேன். பாசியைச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். கையில் பட்டால் தோலை அரிக்கும் காரம் அது. அதன் ஹைட்ராக்சைடு பகுதி, கராஜீனன் சங்கிலியில் முடிச்சுபோல் இருக்கும் ஒரு சல்பேட்டை நீக்கி, சர்க்கரைக்குள்ளேயே ஒரு பாலத்தைக் கட்டுகிறது. முடிச்சு அவிழ்ந்த சங்கிலி நன்றாக முறுக்கிக்கொள்வதால் ஜெல்லியின் வலிமை பெருமளவு கூடுகிறது. பொட்டாசியம் பகுதியோ, வேகும்போது கராஜீனன் கரைந்து வெளியேறிவிடாமல் பாசிக்குள்ளேயே இறுக்கிவைக்கிறது. இப்படி உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் வெளியே போக வேண்டியதை மட்டும் போக்கி, உலர்த்தி அரைத்தால் அரைச்சுத்திகரிப்புக் கராஜீனன் கிடைக்கும். உணவுப் பொட்டலங்களில் சேர்பொருள் எண் ஈ407 (E407) என்றிருந்தால் கரைத்து வடித்தெடுத்த கராஜீனன். ஈ407ஏ என்றிருந்தால் இந்த வகை. இரண்டாவதில் செல்லுலோஸும் கலந்திருப்பதால் ஜெல்லி சற்றுக் கலங்கலாக இருக்கும். அதனால் அது மட்டம் என்று பொருளில்லை. இறைச்சி உருண்டைக்குத் தெளிவு எதற்கு?

கராஜீனனே புற்றுநோயைத் தரும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றிவருகிறது. அமிலத்தில் நெடுநேரம் சூடாக்கிச் சங்கிலியைச் சிறுசிறு துண்டுகளாக்கிய பொருளையும், உணவில் சேர்க்கப்படும் நெடுஞ்சங்கிலிக் கராஜீனனையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வரும் குழப்பம் இது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1983இலேயே இரண்டையும் தனித்தனியாக வகைப்படுத்தி, துண்டாக்கப்பட்டதை மட்டுமே ஐயத்திற்குரியவற்றின் பட்டியலில் சேர்த்தது. என்னைப் பொறுத்தவரை, அச்சுறுத்தும் செய்தியும் அதிசயம் கூறும் விளம்பரமும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். இரண்டுமே எப்படிப் பிரித்தெடுக்கப்பட்டது என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

இனி அந்தப் போத்தலுக்கு வருகிறேன். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீரில் கலந்து, கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்தேன். மற்றொரு கிண்ணத்தில் என் ஜெல்லியை அதேபோல் கரைத்து வைத்தேன். இரண்டிலும் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒவ்வொரு சொட்டு விட்டேன். என்னுடையது வெளிறிய தேநீர் நிறத்தோடு நின்றது. போத்தலில் இருந்தது நொடிப்பொழுதில் கருநீலமாக மாறியது. கருநீலம் என்றால் மாவுச்சத்து. மரவள்ளி மாவோ சோள மாவோ சேர்த்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். ஆறவைக்காமல் சோதித்தால் இந்த நிறம் தோன்றாது. சூடு பட்டால் அயோடினும் மாவுச்சத்தும் பிரிந்துவிடும். மரவள்ளி மாவு கெட்ட பொருளா என்றால் இல்லை. அதைச் சீட்டில் எழுதாமல் விட்டதும், அதற்குக் கடற்பாசியின் விலையைப் போட்டதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு உதவிய அயோடினே முதலில் கடற்பாசியிலிருந்து கிடைத்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெப்போலியன் காலத்துப் போர்களில் வெடிமருந்துக்கான வெடியுப்புத் தேவைப்பட்டபோது, பாரிசில் அத்தொழிலைச் செய்துவந்த பெர்னார் கூர்த்துவா, 1811இல் கடற்பாசிச் சாம்பலைக் கரைத்த நீரில் கந்தக அமிலத்தைச் சற்று மிகையாக ஊற்றிவிட்டார். ஊதாப் புகை எழும்பி, குளிர்ந்த இடங்களில் கரும்படிகங்களாகப் படிந்தது. ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது.

பழுப்புப் பாசிகளின் கதை இதைவிடச் சிக்கலானது. போர்ட் டிக்சன் கடற்கரையில் சிறு சிறு காற்றுக் குமிழ்களோடு ஒதுங்கிக் கிடக்கும் சர்காசம் அந்த வகை. ஒரே பாசியிலிருந்து பல பொருள்களை எடுக்க வேண்டுமானால், வரிசை முக்கியம். முதலில் ஆல்கஹாலில் ஊறவைத்தால், ஃபூக்கோசாந்தின் என்ற ஆரஞ்சு நிறமியும், கொழுப்பும், துவர்ப்புள்ள ஃபீனால்களும், மானிட்டால் என்ற இனிப்பும் வெளியேறும். ஃபூக்கோசாந்தின் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுவிடும் என்பதால் இதை இருட்டில், குளிர்ச்சியில் செய்வது வழக்கம். அடுத்து, எஞ்சிய சக்கையைக் கால்சியம் குளோரைடு கலந்த வெதுவெதுப்பான நீரிலோ மென்மையான அமிலத்திலோ வைத்தால் ஃபூக்கோய்டன் கரைந்து வரும். அல்ஜினேட் கால்சியத்துடன் பிணைந்தோ அமிலமாக மாறியோ சக்கையிலேயே தங்கும். கடைசியாகச் சோடியம் கார்பனேட்டுக் கரைசலில் சூடாக்கினால்தான் அந்தப் பிடிவாதக்கார அல்ஜினேட் சோடியம் உப்பாகி, கோந்துபோல் கரையும். வரிசையை மாற்றி இந்தச் சோடியம் கார்பனேட்டை, அதாவது சோடாவை, முதலில் ஊற்றினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து, பிரிக்க இயலாத பழுப்புக் கோந்து ஒன்றுதான் மிஞ்சும். 1881இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு அல்ஜினைக் கண்டறிந்து காப்புரிமை பெற்ற வழியும் இந்தச் சோடா வழிதான். ஃபூக்கோய்டனை ஸ்வீடனின் உப்சாலாவில் ஹரால்டு கைலின் 1913இல் பிரித்தெடுத்தார்.

தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது, கேக் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய சோடியம் அல்ஜினேட்டை நீரில் கரைத்து, சிரப் நிறம் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விடச் செய்தேன். ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணத்தில் தோல் கட்டி உருண்டையாகிவிடும். இரண்டு சங்கிலிகளுக்கு நடுவில் கால்சியம், முட்டைத்தட்டில் முட்டை உட்காருவதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. இதே மாற்றத்தைத் திருப்பிப் பயன்படுத்துகிறது மருத்துவம்: கால்சியம் அல்ஜினேட் நாரால் நெய்த கட்டுத்துணியைக் கசியும் புண்ணின்மேல் வைத்தால், புண்ணீரின் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, துணியே ஈரமான ஜெல்லியாகிப் புண்ணைக் காக்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெண்ணிற மருந்துகள் சிலவற்றிலும் சோடியம் அல்ஜினேட் உண்டு. வயிற்று அமிலத்தில் பட்டதும் அது உறைந்து, உடன் இருக்கும் பைகார்பனேட்டின் குமிழ்களால் மிதந்து, அமிலம் மேலே ஏறாதபடி மூடிபோல் நிற்கிறது. பல் மருத்துவர் அச்செடுக்கும் பசையும் அல்ஜினேட்தான்.

உறுதியாகப் பயன்தருபவை என்று நான் சொல்லக்கூடியவை இத்தகைய எளிய வேலைகள்தாம்: உறைவது, மிதப்பது, ஈரத்தைப் பிடித்துவைப்பது, செரிக்காத நாராகக் குடலைக் கடப்பது. ஃபூக்கோய்டன் புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறது, ஃபூக்கோசாந்தின் கொழுப்பைக் கரைக்கிறது என்றெல்லாம் மாத்திரை விற்பவர்கள் சொல்வது, பெரும்பாலும் கண்ணாடிக் குடுவையிலும் எலிகளிலும் கண்ட முடிவுகளைக் கொண்டுதான். அவை பொய்யல்ல; ஆனால் மனிதருக்கான சிகிச்சையும் அல்ல. தவிரவும் ஃபூக்கோய்டனின் அமைப்பு, பாசியின் இனத்தைப் பொறுத்தும், அறுத்த பருவத்தைப் பொறுத்தும், பிரித்த முறையைப் பொறுத்தும் மாறுகிறது. ஒரு ஆய்வில் பயன்பட்ட ஃபூக்கோய்டனும் மாத்திரைக்குள் இருக்கும் ஃபூக்கோய்டனும் பெயரால் மட்டுமே உறவினர். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்பும் கொண்டது என்பதால், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் விளையாட்டாக அதைத் தொடக்கூடாது.

என் தம்பி மனைவியின் நிலையில் எனக்குக் கவலையாக இருந்தது வேறொன்று. அவள் ஏழெட்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கொம்பு (kombu) எனப்படும் பழுப்புப் பாசியின் ஒரே கிராமில் அது 1000 மைக்ரோகிராமைத் தாண்டுவதும் உண்டு. மிகுந்தாலும் குறைந்தாலும் தைராய்டு தடுமாறும். இனமே எழுதாத போத்தலில் எந்தப் பாசி இருக்கிறது என்று யாரைக் கேட்பது? பாசி தான் வளரும் நீரில் இருப்பதை எல்லாம் சேர்த்துவைக்கும் இயல்புடையது. நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்காது. ஹிஜிகி என்ற பாசியில் கரிம வடிவில் இல்லாத, நச்சுத்தன்மை மிகுந்த ஆர்செனிக் ஏராளமாக இருப்பதைக் கண்டு, அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004இல் அறிவுறுத்தியது. இவற்றைச் சொல்லி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது போத்தலையும் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். அதுவரை தொட வேண்டாம் என்றும் சொன்னேன்.

என் பாட்டி இராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கட்டக்கோரையையும் பறித்துவருவார்கள். முதல் இரண்டும் அகருக்கு, கடைசியது அல்ஜினேட்டுக்கு. அறிவியல் பெயர்கள் எதுவும் தெரியாமலே எந்தப் பாசி எதற்கு என்று பிரித்து மூட்டை கட்டும் அந்தப் பெண்கள், போத்தல் விற்றவர்களைவிட நேர்மையான சீட்டு ஒட்டுகிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையம் வழியாகக் காப்பாஃபைக்கஸும் பின்னாளில் அங்கே போய்ச் சேர்ந்தது. பச்சையாக அரைத்துப் பிழிந்த நீரைப் பயிருக்கு உரமாகத் தெளித்து, சக்கையிலிருந்து கராஜீனனை எடுக்கும் முறையை அந்நிறுவனத்தார் உருவாக்கினார்கள். உண்மையிலேயே சாறு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், அதுவும் வயலுக்கு. அந்தப் பாசி கயிற்றை விட்டுத் தப்பிக் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள்மேல் படர்ந்ததாக 2008இல் செய்தி வந்ததும் உண்மை.

மாலையில் அவள் ஃபெரிக்குப் புறப்பட்டபோது, அரைத்துவைத்திருந்த மாவை ஒரு சிறிய கண்ணாடிச் சீசாவில் போட்டுக் கொடுத்தேன். அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டியே மிகுதி. தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றினால் நன்றாக உறையும். பழக்கதோஷத்தால் சீட்டு ஒன்றும் ஒட்டினேன்: "சிவப்புப் பாசி, சபா. வெந்நீரில் வடித்து ஆல்கஹாலில் பிரித்தது. 50 கிராமில் 11 கிராம். எந்த நோயையும் தீர்க்காது." அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"இப்படி எழுதினால் யார் அக்கா வாங்குவார்கள்?" என்று கேட்டுக்கொண்டே சீசாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.